லொபாட்டா

மருத்துவம் படிக்க வெளிநாடு போன என் பேத்தி ஒரு பட்டத்தோடும் ஒரு சொல்லோடும் திரும்பி வந்தாள். பட்டம் இங்கே செல்ல வேண்டுமானால் தனியாக ஒரு தேர்வு எழுத வேண்டும். இரண்டு முறை எழுதித் தேறவில்லை. ஆக, உடனே செல்லுபடியானது அந்தச் சொல் மட்டும்தான்.

லொபாட்டா. உக்ரைனில், விடுதி வாசலில் பனியைத் தள்ளக் கொடுத்த நீளக் கைப்பிடி ஷவலுக்கு அதுதான் பெயராம். போர் வந்ததும் போலந்துக்கு ஓடினாள். அங்கேயும் அதே சொல், முதல் எழுத்தைக் கொஞ்சம் விழுங்கினார்கள். மிச்சப் படிப்பை செர்பியாவில் முடித்தாள். அங்கேயும் அதுவே. நான் விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்து, "ரஷ்யாக்காரனுக்கு?" என்றேன்.

"அவனுக்கும் லொபாட்டாதான் தாத்தா."

அடித்துக்கொள்ளும் இரண்டு நாட்டுக்கும் பள்ளம் தோண்டும் கருவியின் பெயரில் மட்டும் தகராறு இல்லை. பெரிய ஆறுதல்.

மூன்றாவது தேர்வு டிசம்பர் மழையில் வந்தது. மையம் ஊரின் மறுகோடியில். நேரம் தவறினால் கதவைச் சாத்திவிடுவார்கள்.

திருவொற்றியூரில் எங்கள் தெருவின் மழைநீர் வடிகாலைத் தூர் வார ஒரு தனி முறை உண்டு. மழைக்குச் சற்று முன்பு ஆட்கள் வருவார்கள். உள்ளே கிடக்கும் சேற்றை எடுத்து வீட்டு வாசல்களில் குவிப்பார்கள். "காயணும் சார், காஞ்சாதான் லாரில ஏத்துவாங்க" என்பார்கள். மழைக்காலத்தில் காயப் போடுவது! மழை அதைப் பொறுப்பாகத் திரும்ப உள்ளே சேர்த்துவிடும். மறு வருடம் அதே சேற்றை எடுப்பார்கள். இந்த முறை பதினொரு குவியல். மிகப் பெரியதை எங்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள்.

தேர்வன்று காலையில் அது சரிந்து எங்கள் கேட்டின் மேல் சாய்ந்திருந்தது. வெளிப்பக்கம் திறக்கும் கேட். ஒரு சாண் திறந்து நின்றுவிட்டது. தெருவில் ஆட்டோ ஹாரன் அடித்தது. நான் மண்வெட்டியை எடுத்து இடுக்கு வழியே கொத்தினேன். மண்வெட்டி நம் பக்கம் இழுக்கும் கருவி. வெட்டியதெல்லாம் வாசலுக்குள் வந்து பேத்தியின் செருப்பை மூடியது.

பக்கத்து வீட்டுக்காரர் மதில் மேல் கையை ஊன்றிப் பல் துலக்கிக்கொண்டிருந்தார். துறைமுகத்தில் நிலக்கரியும் உரமும் இறக்கி ஓய்வு பெற்றவர்.

"இன்னா பெர்சு, ரோட்ல கீற சேத்த வூட்டுக்குள்ள சேத்துக்கினு கீற? எத்தினி கிலோ வோணும்?"

"இவளுக்குப் பரீட்சைய்யா! கதவு திறக்கல!"

"டாக்டரம்மாவுக்கா? மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?"

உள்ளே போய், கப்பல்காரன் ஒருவன் கொடுத்ததென்று அவர் பெருமையாக வைத்திருக்கும் நீளக் கைப்பிடி ஷவலை மதில் மேல் நீட்டினார்.

"லொபாட்டா!" என்றாள் பேத்தி.

"அட்ரா சக்க! உனுக்கு எப்டிம்மா தெரியும்? ரஷ்யாக்காரனும் அதான் சொல்வான், பல்கேரியாக்காரனும் அதான் சொல்வான். கப்பல் அடியில ஹோல்டுல எறங்குனா மொத பேச்சே லொபாட்டாதான்!"

அவள் துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு, பனியைத் தள்ளிய பழக்கத்தில் சேற்றை வெளியே தள்ளினாள். நான் பக்கத்தில் நின்று உதவியாக ஒன்று, இரண்டு என்று எண்ணினேன்.

"எண்ணாத தாத்தா, கடுப்பாவுது!"

"யம்மா, வண்டி மேல போடாதம்மா!" என்று ஆட்டோக்காரர் கத்தினார். கேட் ஒரு ஆள் நுழையும் அளவுக்குத் திறந்தது. சேற்றுச் செருப்போடு ஏறிப் போனாள். தேர்வு முடிந்ததும் போன் வந்தது. உள்ளே விட்ட கடைசி ஆள் அவள்தானாம்.

இம்முறை தேறிவிட்டாள். இன்னும் பயிற்சிக் காலம் பாக்கி இருக்கிறது என்று நான் சொல்லச் சொல்ல, பக்கத்து வீட்டுக்காரர் முதல் நோயாளியாக வந்து உட்கார்ந்துவிட்டார்.

"டாக்டரம்மா, அன்னிக்கிலேர்ந்து முதுவு புட்சிகினு கீது. கொஞ்சம் இன்னான்னு பாரு."

சேறு வாரியது அவள். முதுகு வலி அவருக்கு.