பறங்கிப் பிஞ்சும் நீலத் தொப்பியும்

1958 மார்கழியில் திண்டிவனத்தில் எங்கள் அடுத்த வீட்டில் குடியிருந்தார் அந்த நர்ஸம்மா. நல்ல உயரம், கொண்டையில் எப்போதும் ஒரு பின்னல் ஊசி செருகியிருக்கும். கொல்லையில் தாமே போட்ட காய்களைத்தான் சமைப்பார். உலை கொதிப்பதற்குள் நாலு வரி பின்னிவிடுவார்.

எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட என் மகளை வந்து பார்த்தவர், "தலையில குளிர் ஏறினா பேஜாரு சார். தொட்டுத் தொட்டுத் தூக்காதீங்க," என்று சொல்லிவிட்டு நேரே தம் கொல்லைக்குப் போனார். கொடியில் ஒவ்வொரு பிஞ்சாகத் தடவிப் பார்த்து, ஒரு பறங்கிப் பிஞ்சைப் பறித்தார். பிறகு தம்முடைய நீல ஸ்வெட்டரைப் பிரிக்கத் தொடங்கினார்.

"உங்களுக்குக் குளிராதா, நர்ஸம்மா?"

"நான் அடுப்பாண்ட உக்காந்துக்கினு இருப்பேன். பாப்பா உக்காருமா?"

அந்த நூலில் பாப்பாவுக்கு ஒரு தொப்பி; பின்னப் பின்ன, அதைப் பிஞ்சின்மேல் கவிழ்த்துப் பார்த்துக்கொண்டார். சாயங்காலம் அது மகளின் தலையில் கச்சிதமாகப் பொருந்தியது. பிஞ்சு கூட்டாகி எனக்கு வந்தது. "அதோட வேலை முடிஞ்சுது சார், சாப்பிடுங்க," என்றார்.

மகள் பிழைத்தாள். எதையும் அளந்து குறித்துவைக்கும் எனக்கு, அந்தத் தலையின் அளவு அவருக்கு எப்படிக் கிடைத்தது என்பது மட்டும் இன்றுவரை விளங்கவில்லை. அன்று அவர் அவளைப் பார்த்தது ஒரே ஒரு தடவை, போர்வைக்கு வெளியே முகம் மட்டும் தெரிய.