மைதானத்துக்கு முதுகு காட்டி

எங்கள் அறக்கட்டளைக்கு ஒரு கிறுக்குப் பழக்கம் உண்டு. பள்ளி, கல்லூரி பேண்ட் குழுக்களில் நன்றாக வாசிப்பவர்களுக்கு வருஷா வருஷம் கேடயம் கொடுக்கிறோம். ஆனால் அது யாருக்கு என்று முடிவு செய்யும் மூன்று நடுவர்களும் மைதானத்துக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும். சீருடை, பளபளக்கும் பூட்ஸ், பள்ளியின் பெயர் எழுதிய பெரிய டிரம், எதுவும் கண்ணில் படக்கூடாது. ஒருவர் தாளை ஒருவர் எட்டிப் பார்க்காமல் இருக்க நடுவில் துணித் திரை வேறு. முதல் தடவை பார்க்கிறவர்கள், பந்தியில் கோபித்துக்கொண்ட சம்பந்திகள் என்றே எங்களை நினைப்பார்கள்.

இதை ஏற்படுத்தியவர் எங்கள் தலைவர். பிரெஞ்சு ராணுவத்தின் பேண்டில் வாசித்துவிட்டு, பென்ஷனோடு புதுச்சேரிக்குத் திரும்பியவர். அவரை நாங்கள் எல்லோரும் ‘ஷெஃப்’ என்றுதான் கூப்பிடுவோம், பிரெஞ்சில் தலைவர் என்று அர்த்தம். “இந்த ஊர்ல யாருக்கு யாரு சொந்தமில்ல? கண்ணத் தொறந்து வச்சா ஒருத்தன் மச்சான் பொண்ணுக்கு மார்க்க அள்ளிப் போடுவான், இன்னொருத்தன் பங்காளி பையனுக்கு வெட்டுவான். திரும்பி உக்காருங்க, தகராறே இல்ல” என்பார்.

இந்த வருஷம் வழக்கமான நடுவர் ஒருவருக்குக் காய்ச்சல். ஷெஃப் எனக்குப் போன் போட்டார். நான் இங்கே புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் ஒரு கம்பெனியில் ஆபீஸ் வேலை பார்க்கிறவள். படிக்கிற காலத்தில் கிளாரினெட் வாசித்தேன், இன்றைக்கும் காது கெடவில்லை. அறக்கட்டளையில் மைக் பிடிப்பதும் நாற்காலி போடுவதும்தான் என் வேலை.

“ஷெஃப், என் பொண்ணு வாசிக்கிறா.”

“அதுக்குத்தானே முதுகு? பேசாம வா.”

போனேன். போகாமல் இருந்திருக்கலாம்.

என் மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். கன்னியாஸ்திரீகள் நடத்தும் பெண்கள் பள்ளி, நானும் அங்கே படித்தவள்தான். அவள் சைட் டிரம் வாசிக்கிறாள். எங்கள் வீட்டில் குழம்புச் சட்டி மூடியிலிருந்து ஸ்கூட்டர் சீட் வரைக்கும் அவள் குச்சியிடம் அடி வாங்காத சாமான் கிடையாது. கணக்குப் பேப்பரைக் காட்டும்போது தரையைப் பார்க்கிற பெண், தோளில் டிரம்மை மாட்டினால் மட்டும் தலை நிமிர்ந்து நிற்பாள். போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது தலைமை சிஸ்டர் பேண்ட் பிள்ளைகளைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: “இந்தத் தடவையும் வெறுங்கையோட வந்தீங்கன்னா, அடுத்த வருஷம் பேண்ட் பீரியடு நீட் கோச்சிங்குக்குப் போயிடும். டிரம்மையெல்லாம் ஸ்டோர் ரூம்ல போட்டுப் பூட்டிடுவோம்.” அன்றைக்கு ராத்திரி இவள் சோற்றைத் தொடவில்லை.

அவளிடம் ஒரே ஒரு குறை. குச்சிகள் இரண்டும் மழை மாதிரி விடாமல் விழும் ஒரு இடம் வரும், ரோல் என்பார்கள். அதன் முடிவில் இவள் ஓடிவிடுவாள். ஒரு இம்மி முந்திவிட்டால் போதும், பின்னால் வரும் கிளாரினெட் பிள்ளைகள் எல்லாம் தடுமாறிப் போவார்கள். வருஷம் முழுக்க நான் சமையலறையிலிருந்து கத்தினேன். “ஓடாதடி! இன்னா, பஸ் வந்துடுச்சா?” எனக்கு வாய் நீளம். நல்லா வாசிச்சடி என்று ஒரு நாளாவது சொன்னேனா என்றால், யோசித்துத்தான் சொல்ல வேண்டும்.

போட்டி நாளன்று காலையில் விதிகளை மைக்கில் படித்ததும் நான்தான். வாசிப்பு பாதியில் நின்றால் அந்தக் குழு வெளியே. நடுவர் யாராவது எழுந்து நின்றால் ‘போதும்’ என்று அர்த்தம், உடனே நிறுத்திவிட வேண்டும், அந்தக் குழுவும் வெளியே. இந்த இரண்டாவது விதி ஷெஃப் ராணுவத்திலிருந்து கொண்டுவந்த கறார். இத்தனை வருஷத்தில் எந்த நடுவரும் எழுந்ததில்லை. பஸ் கண்டக்டர் ஸ்டாப்பிங் சொல்வது மாதிரி கடகடவென்று படித்துவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தேன்.

சிறப்பு விருந்தினர் நேரத்துக்கு வந்து தொலைத்திருந்தால் ஒரு பிரச்சினையும் இல்லை. மகராசன் வெயில் சுள்ளென்று ஏறிய பிறகுதான் காரை விட்டு இறங்கினார். பிறகு மாலை, சால்வை, பேச்சு. பத்து மணிக்கு வாசிக்க வேண்டிய குழுக்கள் எல்லாம் பன்னிரண்டை நெருங்கிக்கொண்டிருந்தன. பிள்ளைகள் கம்பளிச் சீருடையில் வெயிலில் வெந்துகொண்டிருப்பார்கள் என்று நினைத்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திரும்பிப் பார்க்கவும் முடியாது. எதிரில் வெள்ளையடித்த மதில் சுவர் மட்டும்.

ஒரு குழு முடிந்தது. அடுத்த குழு வந்து நிற்கும் சத்தம் கேட்டது. பிறகு டிரம்மின் விளிம்பில் குச்சியால் இரண்டு தட்டு. டக், டக்.

 அப்படித் தட்டி ஆரம்பிப்பது என் மகள். வீட்டில் தட்டின் ஓரத்தில் தினமும் கேட்கிற தட்டு அது.

வாத்தியங்கள் எழுந்தன. பென்சிலை நான் பிடித்த பிடியில் அது உடைந்திருக்கும். ரோல் வந்தது. ஓடாதே, ஓடாதே, மாதாவே, இவளை ஓட விடாதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். ரோல் முடிந்தது. ஓடவில்லை! தராசில் நிறுத்த மாதிரி சரியாக முடிந்தது. கிளாரினெட்டுகள் அதன் மேல் பிசிறில்லாமல் வந்து உட்கார்ந்தன. என் வாயிலிருந்து ‘சபாஷ்’ கிளம்பிவிட்டது. உதட்டை மடித்து உள்ளேயே அடக்கினேன்.

அப்போதுதான் பக்கத்து மாதா கோயிலில் மதிய மணி அடித்தது.

எங்கள் பள்ளியில் படித்தவர்களுக்கு மதிய மணி என்பது காதோடு போகிற விஷயம் இல்லை. மணி அடித்தால் மூவேளைச் செபம். வாயில் சோறு இருந்தாலும் எழுந்து நிற்க வேண்டும். பன்னிரண்டு வருஷம் அப்படி நின்ற கால்கள் இவை. ஆபீஸில்கூட எங்காவது மணிச் சத்தம் கேட்டால் பாதி எழுந்துவிடுவேன், கூட இருப்பவர்கள் சிரிப்பார்கள். அன்றைக்கும் உடம்பு தானாக எழுந்தது. உதடு தானாகச் செபம் சொன்னது.

பின்னால் பேண்ட் நின்றுவிட்டது.

மணிச் சத்தம் மட்டும். அது ஓய்ந்ததும் உட்கார்ந்தேன். பின்னால் வாசிப்பு எழவில்லை. யாரோ இருமினார்கள். பூட்ஸ் கால்கள் மணலில் நகர்ந்து போகும் சத்தம். மைக்கில் அடுத்த குழுவைக் கூப்பிட்டார்கள்.

அடிப் பாவிகளா! எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. பள்ளியில் மணிக்கு நிற்கிற பழக்கத்தை இங்கேயும் கொண்டுவந்து, கைக்கு வந்த கேடயத்தைக் கொட்டிவிட்டார்களே! தாளில் ‘பாதியில் நின்றது’ என்று எழுதிக் குறுக்கே கோடு போட்டேன். என் மகள் என்று பார்த்துக் கோடு போடாமல் இருக்க முடியுமா? என் கைதான் போட்டது.

எல்லாக் குழுக்களும் வாசித்து முடித்ததும் தாளைக் கொடுத்துவிட்டு நேரே போய் அவளைத் தேடினேன். குடிதண்ணீர்க் குழாய்ப் பக்கம், டிரம்மைக் கழற்றாமலே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மற்ற பிள்ளைகள் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அது ஏன் என்றுகூட எனக்கு உறைக்கவில்லை.

“ஏன்டி நிறுத்தினீங்க? ஸ்கூல்ல மணிக்கு நிக்கலாம். இங்கயுமா? மூளைய வீட்ல கழட்டி வச்சிட்டு வந்தீங்களா?”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கண் சிவந்திருந்தது.

“நீ எதுக்கும்மா எழுந்த?”

“இன்னாது?”

“நான் வாசிச்சது புடிக்கலன்னா வீட்டுக்கு வந்து திட்டியிருக்கலாம்ல? தெனம் திட்டறதுதான? எல்லாரு முன்னாடியும் எழுந்து நின்னு வெளிய போடின்னு சொல்லணுமா?”

 பேண்ட் சொல்லிக்கொடுக்கும் சிஸ்டர் பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் சொன்னார்: “மணி அடிச்சாலும் நிறுத்தாதீங்கன்னு சொல்லித்தான் அனுப்பினேன். பிள்ளைங்க வாசிச்சுக்கிட்டுதான் இருந்தாங்க. நீங்க எழுந்தீங்க. நடுவர் எழுந்தா நிறுத்தணும்னு காலையில மைக்ல நீங்கதான சொன்னீங்க?”

அடக் கடவுளே.  பிள்ளைகள் மணிக்கு நிற்கவில்லை. எனக்கு நின்றிருக்கிறார்கள். இவர்களை வெளியேற்றியதே நான்தான். அது போதாதென்று மேலே கோடு வேறு போட்டிருக்கிறேன்!

மகளிடம் சமாதானம் சொல்ல நேரமில்லை. ஷெஃப் முடிவுத் தாளோடு மேடைப் படியில் ஏறிக்கொண்டிருந்தார். புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன்.

“ஷெஃப், நில்லுங்க! படிக்காதீங்க!”

மூச்சு வாங்க நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் இறுகியது. “ஜூரி எழுந்தா பேண்ட் வெளிய. அதுதான் ரெக்லமான்.” ரெக்லமான் என்றால் விதி. அந்த வார்த்தையை அவர் சொல்லிவிட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

“நான் அதுங்கள வெளிய போகச் சொல்லி எழுந்திரிக்கல ஷெஃப். மணிக்கு எழுந்தேன்.”

“அத யாரு நம்புவாங்க? பெத்த பொண்ணுக்காகப் பேசறான்னு சொல்லுவாங்க.”

சுருக்கென்றது. அப்படித்தான் சொல்வார்கள். மற்ற இரண்டு நடுவர்களும், போலீஸ் பேண்டில் இருந்து ஓய்வு பெற்றவரும் கல்லூரியில் இசை சொல்லித்தரும் பெண்ணும், பக்கத்தில் வந்து நின்றார்கள். இனி வாயை மூடிக்கொள்வதுதான் மரியாதை. ஆனால் அந்த டிரம்மோடு சுவரில் சாய்ந்திருந்தவள் என் கண்ணுக்குள்ளேயே நின்றாள்.

“மணி அடிச்சப்ப நீங்க எங்க இருந்தீங்க?”

“மேடைகிட்ட. விருந்தாளி பக்கத்துல.”

“உக்காந்துக்கிட்டா?”

அவர் முடிவுத் தாளை மறு கைக்கு மாற்றினார்.

“நான் எழுந்தத நீங்க பாத்தீங்களா? பாக்கலல்ல? ஏன் பாக்கல ஷெஃப்?”

அவர் கை மெல்ல மேலே போய்த் தலையில் இருந்த தொப்பியைத் தொட்டது. மதிய மணிக்கு அந்தத் தொப்பி இறங்கிவிடும், கண் மூடிவிடும், இந்த ஊரில் அவரைத் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். 

“நின்னுக்கிட்டுதான் இருந்தேன்” என்றார். “கண்ண மூடிக்கிட்டு.”

போலீஸ் பேண்ட்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “மணி அடிச்சா நீங்கள்லாம் இப்பிடி ஸ்பிரிங்கு மாதிரி எழுந்திருப்பீங்கன்னு எனக்குத் தெரியாம போச்சே! திரும்ப ஒரு தடவ வாசிக்கட்டும் சார். எனக்கு ஒண்ணும் இல்ல.” கல்லூரிப் பெண்ணும் தலையாட்டினாள்.

“சரி” என்றார் ஷெஃப். என் பக்கம் விரலை நீட்டினார். “ஆனா நீ இனிமே ஜூரி இல்ல. போய் ஜனத்தோட உக்காரு.”

தப்பு நடுவருடையது, பிள்ளைகளுடையது அல்ல என்று மைக்கில் அறிவித்தார். மைதானமே திரும்பி என்னைப் பார்த்தது. வெட்கத்தில் காது எரிந்தது. எரியட்டும் என்று முன்வரிசையில் ஒரு நாற்காலியில் போய் உட்கார்ந்தேன், இந்தத் தடவை மைதானத்தைப் பார்த்து.

பிள்ளைகள் வந்து அணிவகுத்தார்கள். என் மகள் வலது ஓரத்தில் இருந்தாள். வேர்வையில் முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. அவள் கண் கூட்டத்தில் அலைந்து என்மேல் வந்து நின்றது. சிரிக்கலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் எனக்குப் பதற்றம் வந்தால் புருவம் நெரிந்துவிடும், அப்போதும் நெரிந்துதான் இருந்திருக்கும்.

டக், டக்.

ரோல் வந்தது. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடிகிற இடத்தில் ஓடினாள். கிளாரினெட்டுகள் அவசரமாக அவளைப் பிடிக்கப் போய்ச் சிதறி, மறுபடி ஒன்றுசேர்ந்தன. எனக்குச் சற்றுத் தள்ளி, மைதானத்துக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்த போலீஸ் பேண்ட்காரரின் முழங்கை அசைந்தது. ஏதோ எழுதினார்.

கேடயம் ஒரு கல்லூரிக்குப் போனது. எங்கள் பிள்ளைகளுக்கு இரண்டாம் பரிசு, ஒரு சின்னக் கோப்பை. தலைமை சிஸ்டர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “கேடயம் இல்ல. வெறுங்கையும் இல்ல” என்றார். பிறகு, “சரி, இன்னும் ஒரு வருஷம் இருக்கட்டும்” என்றார். பிள்ளைகள் போட்ட கூச்சலில் மரத்துக் காக்கைகள் எல்லாம் பறந்தன. என் மகளும்தான் கத்தினாள். அப்பாடா என்று இருந்தது எனக்கு.

சாயங்காலம் ஸ்கூட்டரில் மூலக்குளத்தில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பினோம். சிக்னலில் நின்றபோது பின்னாலிருந்து கேட்டாள்: “மொதல் தடவ ரோல் சரியா வந்துச்சுல்ல?”

“ஒரு இம்மி ஓடலடி. அவ்வளவு நல்லா இருந்துச்சு.” அதோடு நிறுத்தியிருக்கலாம். என் வாய் நிற்குமா? “அப்புறம் ரெண்டாவது தடவ மட்டும் ஏன் ஓடின?”

அவள் கொஞ்சம் முன்னால் நகர்ந்தாள். தாடையை என் தோளில் வைத்துக்கொண்டாள்.

“நீ பாத்துக்கிட்டு இருந்தம்மா” என்றாள். “முதுகு காட்டிக்கிட்டு உக்காந்திருந்தப்ப எனக்குப் பயமே இல்ல.”

பச்சை விழுந்தது. பின்னால் பஸ்காரன் ஹாரனை அடித்துத் தீர்த்தான். மற்ற நாளாக இருந்தால் திரும்பி நாலு வார்த்தை கேட்டிருப்பேன். ஸ்கூட்டர் கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. கையை நீட்டி, கண்ணாடியை ரோட்டுப் பக்கமாகத் திருப்பிவிட்டு வண்டியை எடுத்தேன்.

கொஞ்ச தூரம் போனதும் என் ஹெல்மெட்டின் பின்பக்கத்தில் இரண்டு தட்டு விழுந்தது. அப்புறம் அவள் விரல்கள் ரோல் போட ஆரம்பித்தன. நான் வாயைத் திறக்கவில்லை. முடிகிற இடம் வந்தது. அவள் ஓடவில்லை.