ஹயாத்துக் காக்கா பல்லுச் சில்லு மாத்தின நாள்

மாம்புரியில் ஹயாத்து முகம்மது காக்காவை முந்தாத ஆள் இல்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மிதிசைக்கிளில் முந்தியிருக்கிறார்கள். ஒருதடவை கமறியா தாத்தாவின் மாடு முந்தியது. அது பொய்யில்லை, நானே பார்த்தேன். அவருடைய மோட்டார் சைக்கிள் சத்தத்தைக் கேட்டால் யாரோ உயிரைப் பிடித்துக்கொண்டு பறந்து வருகிறான் என்றுதான் நினைக்கத் தோன்றும். எட்டிப் பார்த்தால் காக்கா வருவார், பின்னால் ஆறு கான் தண்ணீரோடு, நடக்கிறவனுக்குப் பக்கத்தில் நடக்கிற வேகத்தில்.

எல்லாம் அந்த ஸ்ப்ரொக்கட் செய்கிற வேலை. பின் ரயரோடு பூட்டியிருக்கிற பல்லுச் சில்லைத்தான் சொல்கிறேன். சைக்கிள் வாங்கும்போது அதில் நாற்பத்திரண்டு பல் இருந்தது. அதைக் கழற்றிவிட்டு காக்கா ஐம்பது பல் உள்ளதைப் போட்டார், செயினையும் அதற்கேற்ற மாதிரி நீட்டினார். பின்சில்லு பெரிதானால் இழுவை கூடும், ஓட்டம் குறையும். படிப்பு ஏறாத எனக்கே விளங்கின கணக்கு அது. எங்கள் ஊர்க் கிணறுகளில் தோட்டத்து உரம் இறங்கிவிட்டதால் குடிக்கிறதற்கு பில்டர் தண்ணீர் வேண்டும், அதைக் கொண்டுவந்து விற்கிறது காக்காதான். வீடுகளும் மீன் வாடிகளும் இருப்பது மணல் ஒழுங்கைகளுக்குள். ஆறு கானோடு மணலுக்குள் புதையாமல் போகிற ஒரே சைக்கிள் அவருடையதுதான்.

ஊர்ப் பொடியன்கள் நாங்கள் சும்மா விடவில்லை. ஒருநாள் பின் மட்கார்டில் 'எக்ஸ்பிரஸ்' என்று சிவப்புப் பெயின்றில் எழுதிவிட்டோம். காக்கா குனிந்து பார்த்தார்.

"எழுத்து நல்லாத்தான் இருக்கு. யாருடா, ஃபாஹிமா? 'ஸ்' கோணிப் போச்சு."

அழிக்கவில்லை. அப்படியேதான் ஓடினார்.

அவருக்குக் கல்யாணம் இல்லை. வாப்பாவும் உம்மாவும் மௌத்தான பிறகு தங்கச்சி றுமானாவை வளர்த்தது அவர்தான். தலை வாரிவிட்டு, பின்னல் போடத் தெரியாமல் பக்கத்து வீட்டுக்குக் கூட்டிப்போய், இப்படி வளர்த்து சிலாபத்துப் பக்கம் றிஸ்மின் மச்சானுக்குக் கட்டிக்கொடுத்தார். போன மாதம் றுமானாவுக்குக் காய்ச்சல். டெங்கு என்றார்கள். வெள்ளிக்கிழமை வந்து பார்க்கிறேன் என்று காக்கா சொல்லியிருந்தார்.

புதன்கிழமை காலையில் கமறியா தாத்தா வீட்டு வாசலில் கான் இறக்கிக்கொண்டு நிற்கும்போது றிஸ்மின் மச்சானின் போன் வந்தது. றுமானா மௌத்து. மத்தியானம் லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம்.

மய்யித்தை வைத்துக்கொண்டிருப்பது எங்கள் ஆட்களிடம் வழக்கமில்லை. முகத்தைப் பார்க்கவேண்டுமென்றால் மூடுவதற்கு முன்னால் போய்விடவேண்டும். காக்கா மற்றக் கான்களையும் அங்கேயே இறக்கிவைத்துவிட்டு வீட்டுக்குப் போய், அங்கிருந்து நாங்கள் கூடி நிற்கிற இப்ஹாமின் கராஜுக்கு வந்தார். வீட்டு ஆணியில் மாட்டியிருந்த பழைய நாற்பத்திரண்டைக் கையில் வைத்திருந்தார், துரு பிடித்திருந்தது.

ஃபாஹிம் தன்னுடைய சைக்கிளை ஸ்டார்ட் பண்ணிக்கொண்டே வந்தான்.

"காக்கா, ஏறுங்க. நான் கொண்டு போய் விடுறன்."

"உனக்குப் பின்னால ஏறினா அங்க ரெண்டு மய்யித்து அடக்கணும்டா."

அந்த நேரத்திலும் இரண்டு பேருக்குச் சிரிப்பு வந்தது. ஃபாஹிம் எஞ்சினை நிறுத்தினான்.

இப்ஹாம் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் மல்லுக்கட்டிச் சில்லை மாற்றிவிட்டுச் செயினைத் தூக்கிக் காட்டினான். கயிறு மாதிரித் தொங்கியது.

"காக்கா, சின்னச் சில்லுக்கு இது நீளம். ரெண்டு கண்ணி வெட்டணும். இல்லாட்டிப் பல்ல விட்டுப் பாயும்."

"எவ்வளவு சுணங்கும்?"

"வெட்டினாத் திரும்பச் சேர்க்கிற லொக் என்ட கிட்ட இல்ல. ஆள் அனுப்பி எடுக்கணும்."

"ரயரப் பின்னுக்கு இழுத்துப் பூட்டு."

"பூட்டிட்டன். இன்னும் தொங்குது."

"தொங்கட்டும். நான் மெதுவாப் போறன்."

"மெதுவாப் போறதுன்னா ஏன் காக்கா மாத்தினீங்க?"

காக்கா சைக்கிளில் ஏறினார். உதைத்துப் புறப்பட்டார். சந்தியில் நின்றவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். காக்காவின் சேட்டு காற்றில் ஊதியது. அவரை அப்படி ஒருநாளும் நாங்கள் பார்த்ததில்லை. ஒருத்தனும் பகிடி விடவில்லை.

மீதியை அவர் பிறகு துண்டு துண்டாகச் சொன்னதில் இருந்துதான் எழுதுகிறேன். பாலாவி வரைக்கும் ஒரு கரைச்சலும் இல்லை. உப்பு லொறிகளைக்கூட முந்தினாராம். மதுரங்குளி தாண்டினதும் செயின் கழன்றது. ஓரமாக நிறுத்தி, வெறுங்கையால் மாட்டிக்கொண்டு இருக்கும்போது பொக்கற்றுக்குள் போன் அடித்தது. கை இரண்டும் கறுப்பு கிறீஸ். எங்கே வருகிறாய் என்று கேட்கத்தான் எடுக்கிறார்கள், அதைச் சொல்கிற நேரத்துக்கு இன்னும் கொஞ்சத் தூரம் போய்விடலாம் என்று விட்டுவிட்டார். திரும்பவும் அடித்தது. திரும்பவும் விட்டுவிட்டார்.

றிஸ்மின் மச்சான் கேட்க எடுத்தது வேறு. தொழுகை முடிந்துவிட்டது, காக்கா கிட்டத்தில் வந்திருந்தால் கொஞ்ச நேரம் வைத்திருக்கலாம் என்று பள்ளிவாசலில் சொல்லியிருக்கிறார்கள். ஓம், வந்துட்டன் என்று ஒரு சொல் கிடைத்திருந்தால் வைத்திருப்பார்கள்.

பதில் இல்லாததால் மச்சான் இப்ஹாமுக்கு எடுத்தார். அதற்குப் பிறகுதான் ஃபாஹிமும் நானும் அவனுடைய சைக்கிளில் காக்காவைத் தேடிப் புறப்பட்டோம். முந்தல் என்கிற ஊரில் ரோட்டோரத்தில் 'எக்ஸ்பிரஸ்' சரிந்து கிடந்தது. செயின் பாய்ந்து பின்சில்லுக்கும் ரயருக்கும் நடுவில் இறுகி, ரயர் சுற்றவே இல்லை. தார் ரோட்டில் இழுபட்ட கறுப்புக் கோடு. பக்கத்துக் கடைக்காரர், "ஆள் விழுந்து எழும்பினார், முழங்கால் கிழிஞ்சிட்டு, மீன் லொறி ஒண்டுல ஏறிப் போயிட்டார்" என்றார்.

ஊர் பிறகு இருந்து கணக்குப் பார்த்தது. ஐம்பது பல்லோடயே, கராஜில் நிற்காமல், கான் பாரம் இல்லாமல் நிதானமாகப் போயிருந்தாலும் தொழுகைக்கு முன்னாடியே போய்ச் சேர்ந்திருப்பாராம். மற்றவனுடைய நேரத்தை எண்ணுகிறதில் எங்கள் ஊரை யாரும் அடிக்க ஏலாது. அவரிடம் ஒருத்தரும் சொல்லவில்லை. சொல்லித்தான் தெரியவேண்டுமா?

நாங்கள் போனபோது அடக்கம் முடிந்து ஆட்கள் கலைந்துகொண்டு இருந்தார்கள். காக்கா கபுறடியில் நின்று துஆ ஓதிவிட்டு மச்சான் வீட்டு முற்றத்தில் ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தார். சாரத்தில் இரத்தம் காய்ந்திருந்தது. மச்சான் முன்னால் வந்து நின்றார்.

"ரெண்டு தரம் எடுத்தன், மச்சான்."

"கேட்டுச்சு" என்றார் காக்கா.



கொஞ்ச நேரத்தில் றுமானாவின் மகள் ஷிம்லா உள்ளே இருந்து வந்தாள். பன்னிரண்டு வயது இருக்கும். அழுது முகம் வீங்கியிருந்தது. போனைத் துப்பட்டிக்குள் மறைத்துக் கொண்டுவந்து குனிந்து சொன்னாள்:

"மாமா, உம்மாட முகத்த மூடக்குள்ள நான் ஒரு படம் எடுத்தன். உங்களுக்குத்தான். ஒருத்தருக்கும் தெரியாது."

காக்கா தன் கறுப்புக் கைகளைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"வேணாம் மகள். படத்தில வேணாம். நீ பாத்துச் சொல்லு."

"என்னத்த மாமா?"

"நெத்தியச் சுருக்கிட்டு இருந்தாவா? சின்னதுல தூங்கக்குள்ள அப்பிடித்தான் இருப்பா. யாரோடயோ கோபம் மாதிரி."

ஷிம்லா போனைத் திறந்தாள். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நேரமெடுத்துப் பார்த்தாள். இருந்தது என்று சொல்லிவிடு பிள்ளை என்று நான் மனசுக்குள் கெஞ்சினேன்.

"இல்ல மாமா. நெத்தி நேரா இருந்துச்சு."

காக்கா தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார்.

"அப்பிடி ஒரு முகத்த நான் பாத்ததே இல்லையே" என்றார்.