வர்ஷாவின் கைக்கு ஏறாத வளையல்

சிங்கப்பூர் தேக்காவில் வளையல் கடை வைத்திருக்கும் லீலாக்காவுக்கு வாய் கொஞ்சம் நீளம். கை அதைவிடச் சுறுசுறுப்பு. எந்தக் கையானாலும் சோப்பு நுரையைத் தடவி, பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஒரு டஜன் கண்ணாடி வளையலை ஏற்றிவிடுவார். ஒன்றுகூட உடையாது. பக்கத்துக் கடையில் ரவிக்கை தைக்கும் நான் பல வருஷமாகப் பார்க்கிறேன். அந்தப் பெருமை அவருக்குக் கொஞ்சநஞ்சமல்ல.

அவருடைய மருமகள் வர்ஷாவுக்கு இது முதல் பிள்ளை. மூன்றாம் மாதமே ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர், நஞ்சுக்கொடி சுரக்க வேண்டிய ஒரு புரதம் ரத்தத்தில் குறைவாக இருக்கிறது, பின்னால் பிரஷர் எகிறலாம் என்று சொல்லி, தினமும் ராத்திரி போட ஆஸ்பிரின் கொடுத்தார்.

“நல்லாதானே இருக்கா! ரத்தத்தைப் பாத்து ஜோசியம் சொல்றாங்களா?” என்றார் லீலாக்கா. ஆனாலும் மாத்திரையைத் தினமும் அவரேதான் எடுத்துக் கொடுத்தார். அதையும் சொல்ல வேண்டும்.

ஏழாம் மாதம் வளைகாப்புக்குக் குறித்த வெள்ளிக்கிழமையிலேயே அடுத்த ரத்தப் பரிசோதனையும் வந்தது.

“நல்ல நாளும் அதுவுமா ஊசி குத்தி ரத்தம் எடுக்கணுமா? அடுத்த வாரம் போய்க்கலாம் லா,” என்றார் லீலாக்கா.

மகன் சரத் மறுபேச்சில்லாமல் தேதியை மாற்றினான். எனக்கு வந்ததே கோபம்! “டாக்டர் சும்மாவா அப்பாயின்ட்மென்ட் குடுத்தாங்க?” என்று கேட்டேன்.

“நீ தையலைப் பாரு, பூவம்மா,” என்றார்.

வளைகாப்பன்று பொங்கோலில் இருக்கும் அவர்கள் வீட்டில் நல்ல கூட்டம். வர்ஷாவுக்கு வழக்கமான அளவு ஏறவில்லை. அடுத்த அளவும் ஏறவில்லை. “பூரிச்சுப் போயிருக்கா பாருங்க!” என்று சிரித்துக்கொண்டே லீலாக்கா சோப்புப் போட்டு ஏற்றியே விட்டார். முகமும் உப்பியிருந்தது. வந்தவர்கள் அதைத் தாய்மைக் களை என்றார்கள்.

சாப்பாட்டுக்கு உட்காரும்போது வர்ஷா நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். “அத்தை, தலை வெடிக்குது. கண்ணுல பொறி பறக்குது.”

மருத்துவமனையில் பிரஷர் பார்த்த நர்ஸ் டாக்டரைக் கூப்பிட ஓடினாள். தள்ளிப்போட்ட அதே ரத்தப் பரிசோதனையை அவசரமாகச் செய்தார்கள். வலிப்பு வரலாம், தாய் பிழைக்க வேண்டுமானால் குழந்தையை இன்றே எடுத்தாக வேண்டும் என்றார் டாக்டர். ஆபரேஷனுக்கு முன் வளையலைக் கழற்றச் சொன்னார்கள். வீங்கிய கையில் அவை அசையவே இல்லை.

வர்ஷா கையை இழுத்துக்கொண்டாள். “உடைக்காதீங்க அத்தை! பிள்ளைக்கு ஆகாது.”

அந்தப் பயத்தை அவளுக்குள் போட்டதே லீலாக்காதான். பிரசவம்வரை வளையல் உடையக் கூடாது என்று வாடிக்கையாளர்களிடமெல்லாம் சொல்லி அனுப்புகிறவர்.

இப்போது அவரே கட்டிலோரம் உட்கார்ந்து அந்தக் கையைப் பிடித்தார். “கடை நிறைய வளையல் கிடக்குது. நீ ஒருத்திதான்டீ எனக்கு இருக்க!”

அழுதுகொண்டே ஒவ்வொன்றாக நெரித்து உடைத்தார். சில்லு குத்தி விரலெல்லாம் ரத்தம்.

வர்ஷா பிழைத்துக்கொண்டாள். உள்ளங்கையளவு பேத்தி இன்னும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறாள். அந்தச் சின்னப் பாதத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுக்கும்போதெல்லாம் லீலாக்கா பக்கத்திலேயே நிற்கிறார். நாள் நல்லதா என்று கேட்பதில்லை.

“நல்லாப் பாருங்கம்மா,” என்று மட்டும் நர்ஸிடம் கெஞ்சுகிறார்.