தவறு சொல்லும் கூட்டம்

ஒசாகாவில் மின்சாரச் சோற்றுப்பானை தயாரிக்கும் கம்பெனியில் மூடி வடிவமைப்பது மினெகிஷியின் வேலை. புதுப் பானையின் சோதனை முடிந்ததும் வழக்கம்போலக் குழு கூடியது. அவரவர் தவறை அவரவரே சொல்ல வேண்டும். வாயைப் பிடுங்கி ஆளைக் கழித்துக்கட்டும் ஏற்பாடு என்றே அவள் சந்தேகப்பட்டாள். புதிதாகச் சேர்ந்த அவளுக்கு இதுவே முதல் கூட்டம்; முந்தைய கம்பெனியில் அப்படித்தான் அவள் வேலை போனது.

“நான்தான் சூட்டைக் கூட்டி வெச்சேன், அடிச்சோறு காந்திப்போச்சு,” என்றான் இசோபே.

“உன் சமையலுக்கு அது தேவலாம்,” என்றார் தலைவர் குவபாரா. எல்லோரும் சிரித்தார்கள். அவர் மட்டும் எழுதிக்கொண்டார். எதற்காம்?

“நீங்க, மினெகிஷி சான்?” என்று மரியாதையாகக் கேட்டார் குவபாரா.

மூடியின் ரப்பர் வளையத்தில் ஆவி கசிவது அவளுக்குத் தெரியும். “எங்கிட்ட ஒண்ணுமில்லைங்க,” என்றாள்.

மறுநாள் அடுத்த பானைக்கான திட்டம் சுவரில் ஏறியது. ஒப்புக்கொண்ட தவறெல்லாம் வேலையாகியிருந்தது. சொன்னவரே அதற்குப் பொறுப்பு. அடிச்சூடு இசோபேயிடம். மூடியில் மாற்றமில்லை, அவள் பெயரும் இல்லை.

“மூடிதான் சரியா இருக்கே. உங்களை வேற குழுவுக்கு அனுப்பலாம்னு இருக்கேன்,” என்றார் குவபாரா.

“வளையத்துல ஆவி கசியுதுங்க.”

அவர் முகத்தில் கோபத்தைத் தேடினாள். அவர் பேனாவை நீட்டினார். “அப்போ திட்டத்துல மூடிக்கு உங்க பேரை நீங்களே எழுதுங்க.”

அந்தப் பேனாவையும் அவள் சந்தேகத்தோடுதான் வாங்கினாள்.