பேசிப் பார்த்து வாங்கிய டெக்

திண்டுக்கல் பேருந்து நிலையத்தை ஒட்டி இருந்த அந்த ஆடியோ கடையில் ஒரு வழக்கம் உண்டு. பாட்டைக் கேட்டுத் தலையாட்டினால் மட்டும் டேப் டெக்கைக் கட்டிக் கொடுத்துவிட மாட்டார் கடைக்காரர். வாங்க வந்தவர் கையில் மைக்கைக் கொடுத்துப் பேசச் சொல்வார். அதைப் பதிவு செய்து திருப்பிப் போட்டுக் காட்டுவார். "பாட்டு எதுல போட்டாலும் நல்லாத்தாண்ணே இருக்கும். உங்க குரல உங்க வீட்டு ஆளுக சொல்லணும், சரியா இருக்கான்னு" என்பார்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள் பூ மார்க்கெட்டில் மல்லிகையைப் போட்டுவிட்டு அப்பா அங்கே போனார். நானும் அம்மாவும் உடன் போயிருந்தோம். கடை நிறைய ஆம்பிளைகள் என்று அம்மா தெருவிலேயே நின்றுவிட்டாள். மைக்கைப் பிடித்த அப்பாவுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. வயலில் அந்தக் கோடிக்குக் கேட்கிற மாதிரிக் கத்துகிற மனுஷன். கடைசியில் வெளியே பார்த்துச் சொன்னார்.

"ஏ புள்ள, உள்ள வா. ஏன் வெயில்ல நிக்கிற?"

அம்மா அசையவில்லை. கடைக்காரர் பதிவைத் திருப்பிப் போட்டார். டெக் கூப்பிட்டதும் உள்ளே வந்தாள். கடையே சிரித்தது.

எங்கள் வீட்டில் மட்டும் எந்தப் பாட்டும் கொஞ்சம் சோம்பலாகவே பாடும். ஸ்பீக்கர் பெரிசு, அதனால் அப்படித்தான் என்பார் அப்பா. அவரோடு வாதாடி ஜெயிக்க முடியாது.

சில வருஷங்களில் மாரடைப்பில் போய்விட்டார். அடுத்து டெக்கும் நின்றது. மோட்டார் கருகிவிட்டது. டெக்கோடு கடைக்காரர் கொடுத்த, அப்பா குரல் பதிந்த அந்தக் கேசட் மட்டும் பீரோவில் இருந்தது.

"கண்ண மூடுனா மூஞ்சி வருது. சத்தம் வர மாட்டேங்குதுப்பா" என்றாள் அம்மா ஒரு நாள். அதற்குமேல் நான் சும்மா இருக்க முடியவில்லை.

அந்தக் கடை அதற்குள் செல்போன் கடையாகிவிட்டிருந்தது. ஊர் முழுக்கக் கேட்டும் டெக் இல்லை. இணையத்தில் ஒரு படத்தை மட்டும் நம்பி, எவனோ பயன்படுத்திய டெக்கை வாங்கினேன். கத்தரிக்காயைக்கூடக் காம்பைக் கிள்ளிப் பார்த்து வாங்குகிற குடும்பம் எங்களுடையது. கூரியர்காரன் செம்பட்டியைத் தாண்டி எங்கள் கிராமத்துக்கு வர மாட்டேன் என்றான். நானே போய் எடுத்து வந்தேன். இந்த முறை யாரும் என்னைப் பேசச் சொல்லவில்லை.

உச்சி வெயில் நேரம். வாசலில் மிளகாய் காயப் போட்டுக்கொண்டிருந்த அம்மா, வயரை மாட்டும் சத்தம் கேட்டுக் கதவு நிலைக்கு வெளியே வந்து நின்றாள். பட்டனை அமுக்கினேன்.

என் குரல் வந்தது.

"ஏ புள்ள, உள்ள வா" என்று நான் என் அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். என் வாய் மூடியிருந்தது. அம்மா ஓர் அடி பின்னால் போனாள். "அத நிறுத்து. அது அவரு இல்ல."

பிறகுதான் உறைத்தது. பழைய டெக் மெதுவாக ஓடியிருக்கிறது. அதே டெக்கில் பதிந்து அதிலேயே கேட்டால் எந்தக் குரலும் சரியாகத்தானே இருக்கும்? அந்தச் சோதனையில் இருந்த ஓட்டை யாருக்கும் தெரியாமல் போயிற்று. சரியான வேகத்தில் ஓடும் இந்த டெக்கில் குரல் வேகமாகி மெலிந்து, அப்பா என் வயசுக்கு வந்துவிட்டார்.

டெக்கின் மூடியைக் கழற்றினேன். மோட்டாரின் பின்புறம் சின்னத் துளை. உள்ளே வேகத்துக்கான திருகு. ஸ்க்ரூடிரைவரை விட்டுத் திருப்பினேன்.

"இன்னும்" என்றாள் அம்மா, வெளியிலிருந்தே.

ரீவைண்ட் செய்து போட்டுத் திருப்பத் திருப்ப என் குரல் தடித்தது, கரகரத்தது, வயசாகிக்கொண்டே போனது. வேர்த்த விரல் வழுக்கியது. ஸ்பீக்கரிலிருந்து ஒரு கிழவர் பேசினார். மூச்சு இழுத்து இழுத்து, வெயிலைப் பற்றிக் கேட்டார். அந்தக் கிழவரை நாங்கள் பார்த்ததே இல்லை.

அம்மாவும் அவரைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்புட்டு வேணாம்ப்பா" என்றாள். "அந்த வயசுக்கு அவரு போகல."

கொஞ்சம் பின்னால் திருப்பினேன். ரீவைண்ட் செய்து மறுபடி போட்டேன்.

"ஏ புள்ள, உள்ள வா. ஏன் வெயில்ல நிக்கிற?"

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அம்மா உள்ளே வந்தாள்.