பதினொரு இஞ்ச் டயா

இரண்டாயிரத்து நாலோ ஐந்தோ, சரியாக நினைவில்லை. அப்போது திருப்பூர் நல்லூரில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். நான் பக்கத்து பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். மனைவிக்கு அதே கம்பெனியில் செக்கிங் வேலை.

அவளுக்குப் பத்தாம் வகுப்பில் கணக்கு மட்டும் பாக்கி. கல்யாணத்துக்கு முன்பே இரண்டு தடவை எழுதி, கடைசித் தடவை முப்பத்து மூன்றில் நின்றுவிட்டாள். இரண்டே மார்க்! பத்தாவது பாஸ் என்றால் அங்கன்வாடி வேலைக்கு மனுப் போடலாம், நாள் முழுக்கக் குழந்தைகளோடு இருக்கலாம் என்று ரொம்ப நாள் ஆசை. மறுபடியும் தனித்தேர்வராக எழுத முடிவு செய்தாள். சொல்லித்தர வேறு யார், நான்தான். முப்பத்தாறு எடுத்துப் பாஸானவன் ஆயிற்றே! அவளைவிட மூன்று மார்க் கூட வாங்கிய தலைக்கனம்.

அதுவரை வேலை விட்டதும் பேக்கரியில் டீ, பப்ஸ், ஊர்க்கதை என்று ஒன்பது மணிக்குத்தான் வீடு திரும்புவேன். பாடம் ஆரம்பித்த பிறகு ஏழு மணிக்கெல்லாம் ஆஜர். நான் என்ன சொன்னாலும் "ஆமாங்க" என்று தலையாட்டுவாள். அப்படி ஒரு மாணவி கிடைத்தால் யாருக்குத்தான் வாத்தியார் ஆசை வராது?

ஒருநாள் கூம்பு வந்தது.

"ஏனுங்க, கூம்புன்னா?"

"நம்ம நூல் கோன்தான் புள்ள. இதுக்குப் போயி பயந்துக்கறயே."

மறுநாள் ஸ்டோரில் கேட்டு முழு நூல் சுற்றிய கோன் ஒன்றை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன். அதன் அடிப்பக்கம் வட்டம். அந்த வட்டத்தின் பரப்புதான் அடிப்பரப்பு, பை ஆர் ஸ்கொயர் போட்டால் வந்துவிடும், ஆர் என்றால் டயாவில், அதாவது விட்டத்தில், பாதி. இதுவரை சரியாகத்தான் சொன்னேன்.

"டயாவை எப்படிங்க கண்டுபுடிக்கறது?"

"கட்டிங் மாஸ்டர்கிட்டயே டயா கேக்கறயா?" என்று சிரித்தேன்.

எங்கள் கம்பெனிக்குத் துணி குழாய் மாதிரி உருளையாக வரும். அதை டேபிளில் தட்டையாகப் போட்டு அகலத்தை அளப்போம். அந்த அகலத்துக்குப் பெயர்தான் டயா. அத்தனை வருடமாக எனக்குத் தெரிந்த ஒரே டயா அது. எனவே, வெட்டி மிஞ்சிய, குழாயாகவே இருந்த ரிப் துணித் துண்டை கோனின் அடியில் கச்சிதமாக மாட்டினேன். உருவித் தட்டையாக்கி டேப் வைத்தேன். பதினொரு இஞ்ச்.

"சுத்தளவுல பாதி டயா. அவ்வளவுதான் கணக்கு" என்றேன். அடிப்பரப்பு தொண்ணூற்றைந்து சதுர இஞ்ச் என்று அவள் நோட்டில் போட்டுக்காட்டி, அடிக்கோடும் போட்டேன்.

"ஆமாங்க" என்றாள்.

பரீட்சை முடிந்து வந்தவளிடம் கேள்வித்தாளை வாங்கிப் பார்த்தேன். கூம்பின் அடிச்சுற்றளவு நாற்பத்து நான்கு, உயரம் இத்தனை, அடிப்பரப்பு கண்டுபிடித்து அதிலிருந்து கன அளவு காண்க என்று ஒரு பெரிய கேள்வி. "டயா இருவத்திரண்டு! போட்டயா?" என்று குதித்தேன். "ஆமாங்க" என்றாள்.

மறுநாள் கம்பெனியில் இதைப் பெருமையாக அளந்துகொண்டிருந்தேன். திருநெல்வேலிப் பக்கத்து மெஷின் ஃபிட்டர் ஒருவர் ஒரு கோனைத் தலைகீழாகத் திருப்பி, வட்டத்தின் நடுவே குறுக்காக டேப் வைத்தார்.

"அண்ணே, பதினொண்ணுன்னு சொன்னிய. இது ஏழுல்லா இருக்கு?"

குறுக்கே அளந்தால் ஏழு. அடிப்பரப்பு முப்பத்தெட்டரைதான். துணியைத் தட்டையாக்கினால் டயாவா கிடைக்கும், சுற்றளவில் பாதியல்லவா கிடைக்கும்! அடிப்பரப்பு தப்பானால் அந்தக் கேள்வியே போச்சு. இரண்டு மார்க்கில் தோற்றவளுக்கு இந்த முறை நானே குழி வெட்டிவிட்டேன்.

ரிசல்ட் வரும்வரை இதை அவளிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. கடையில் பூ வாங்கிப் போனால், "என்னுங்க, அதிசயமா இருக்குது" என்பாள். அது வேறு குத்தும்.

ரிசல்ட் அன்று பிரவுசிங் சென்டரில் அவளுடைய நம்பரைச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். நாற்பத்து நான்கு மார்க். பாஸ்! அங்கேயே அழுதுவிட்டேன், வெட்கமில்லாமல்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் கொட்டினேன். "நான் சொல்லிக்குடுத்தது தப்பு புள்ள. அப்புறம் எப்படி...?"

அவள் கணக்கு நோட்டைப் பின்பக்கமிருந்து திறந்து நீட்டினாள். நான் தப்பாகச் சொன்ன ஒவ்வொரு கணக்கும் அங்கே சரியாகப் போடப்பட்டிருந்தது. கோன் கணக்கு மட்டுமல்ல, அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ. முன்பக்கம் எனக்காக, பின்பக்கம் பரீட்சைக்காக.

"அப்பவே தெரியுமா?"

"அன்னிக்கே நானும் குறுக்க டேப் வெச்சுப் பார்த்துட்டனுங்க. புஸ்தகத்துலயும் இருந்துதுங்க."

"அப்பறம் ஏன் ஆமாங்க, ஆமாங்கன்னே?"

கோனைத் துடைத்து அலமாரியில் வைத்துக்கொண்டே சொன்னாள். "தப்புன்னு சொல்லியிருந்தா நீங்க மறுக்கா பேக்கரிக்கே போயிருப்பீங்க. ஏழு மணிக்கு ஊட்டுக்கு வர்ற ஆளை யாருங்க விடுவா?"

அவளுக்கு அங்கன்வாடி வேலை கிடைத்துப் பல வருடங்கள் ஆகிவிட்டன. நான் இன்றும் ஏழு மணிக்கே வீட்டுக்கு வந்துவிடுகிறேன். எதையாவது அடித்துச் சொல்லும்போது அவள் "இல்லீங்க" என்றால் நிம்மதியாக இருக்கிறது; "ஆமாங்க" என்றால்தான், நான் எங்கே தப்பு விட்டேன் என்று யோசிக்க ஆரம்பிக்கிறேன்.